பச்சைப் பாட்டிலும் மிளகாய்த் தராசும்

என் செல்ல மகனே,

நீ போனில் அனுப்பிய செய்தியை மிளகாய்க் களத்தில் நின்றுகொண்டே படித்தேன். "கல்யாணத்துக்கு மறுநாளைக்கு மண்டபம் ஊர்ல கடற்கரைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு எடுத்திருக்கோம்மா. சொந்தக்காரங்க, ஆபீஸ் ஆளுங்க எல்லாருக்கும் சாயங்காலம் அங்கதான் விருந்து. ஒயின், பீர் உண்டு. சுற்றுச்சூழலைக் கெடுக்காத ஒயினாப் பார்த்துத்தான் வாங்கப்போறோம். அய்யாகிட்ட நீயே பக்குவமாச் சொல்லிரு." கடைசி வரிக்காகத்தான் முந்தைய வரிகளை எல்லாம் எழுதியிருக்கிறாய் என்பது எனக்குத் தெரியாதா? குடி இருக்கும் இடத்தில் உன் அய்யா கால் வைக்க மாட்டார். ஒரே மகனின் விருந்தில் அப்பா இல்லாமல் போய்விடுவாரோ என்ற பயம் உனக்கு. எனக்கும் அதே பயம்தான். ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்று என்னைப் பிடித்துக்கொண்டது. சுற்றுச்சூழலைக் கெடுக்காத ஒயின் என்று ஒன்று உண்டா? அதை எப்படிக் கண்டுபிடிப்பது? மிளகாயைக் கிளறுவதை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

நீ சிரிப்பாய். பத்தாவதோடு நின்றுபோன படிப்பை இந்த வயதில் எடுத்து வைத்துக்கொண்டு, பிளஸ் டூ எழுத ஞாயிறுதோறும் ராமநாதபுரம் டியூட்டோரியலுக்குப் பஸ் ஏறும் அம்மாவை "பள்ளிக்கூடத்துப் பிள்ளை" என்று கேலி செய்பவன் நீ. அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைதான் இந்தக் கடிதத்தை எழுதுகிறாள். விருந்துக்கு வரும் உன் நண்பர்களும் இதைப் படிக்கலாம். அதற்காகத்தான் போனில் பேசி முடிக்காமல் விரித்து எழுதுகிறேன்.

முதலில் நந்தினிக்குத்தான் போன் போட்டேன். வரப்போகும் மாமியார் எடுத்த எடுப்பில் ஒயினைப் பற்றிக் கேட்டால் எந்தப் பெண்ணுக்குத்தான் தூக்கிவாரிப் போடாது? "அத்தை, வேணாம்னா எடுத்துடலாம் அத்தை" என்று பதறினாள். "நான் திட்டக் கூப்பிடலத்தா, பாடம் கேக்கக் கூப்பிட்டேன்" என்றேன். அதற்குப் பிறகு அவளுக்கு வாய் ஓயவில்லை. கம்பத்தில் அவர்கள் வீட்டுத் திராட்சைத் தோட்டத்தின் ஒரு பகுதி ஒயின் ஆலைக்குப் போகிறது என்பதை அன்றுதான் கேட்டேன். கொடிகளுக்கு நடுவே பசுந்தாள் உரச்செடி விதைத்து மடக்கி உழுவதையும், மருந்தடிப்பதைப் பாதியாகக் குறைக்க அவள் அப்பா பட்ட பாட்டையும், சொட்டு நீர் போட்ட பிறகு கிணறு கோடையில் தாங்குவதையும் சொன்னாள். ஒவ்வொன்றும் நம் மிளகாய்க்கும் பொருந்தியது. நாமும் மருந்தடிப்பவர்கள்தானே. ஒரு செடிக்கு எது கேடோ அது கொடிக்கும் கேடு. இதில் புரியாமல் போக ஒன்றும் இல்லை.

ஆனால் அவள் அடுத்துச் சொன்னதுதான் எனக்குப் புதிது. ஒயினைவிடப் பாட்டில்தான் பெரிய தொல்லையாம். "கண்ணாடி உருக்குற உலை ராப்பகலா எரியணும் அத்தை. பாட்டில் எவ்வளவு கனமோ அவ்வளவு நெருப்பு. அதைக் கப்பல்ல, லாரில தூக்கிட்டு வர்றதுக்கு டீசல் வேற." அப்படியென்றால் கடல் கடந்து வருகிற, லேபிளில் இலைப் படம் போட்ட ஒயினைவிட, கம்பத்திலிருந்து லேசான பாட்டிலில் வருகிற ஒயின் நல்லதாக இருக்கலாம் என்றேன். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். பிறகு, "உங்க மகன் அந்த இலைப் படத்தைத்தான் தேர்ந்தெடுத்து வச்சிருக்கார் அத்தை" என்றாள். அதனால் முதல் விஷயம் இதுதான் மகனே. படத்தை நம்பாதே. எந்த ஊரில் விளைந்தது, எவ்வளவு தூரம் வந்தது, எதில் அடைத்து வந்தது என்று கேள். அந்த இலை பொய் என்று நான் சொல்லவில்லை. அது தோட்டத்தைப் பற்றிச் சொல்கிறது, வழியைப் பற்றிச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் வேதியியல் ஆசிரியரிடம், "சார், ஒயின் பாட்டில திருப்பிக் கழுவி நிரப்புவாங்களா?" என்று கேட்டேன். பதினேழு வயதுப் பிள்ளைகள் பெஞ்சில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தன. "அக்கா, இது பரீட்சைக்கு வராது" என்றார் அவர். பின்னால் இருந்த ஒரு பெண், "பரீட்சைக்கு இல்ல சார், அக்கா வீட்டுக் கல்யாணத்துக்கு" என்றாள். சிரிப்பு அடங்கியதும் அவர் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டேன். பீர் பாட்டில்கள் பெரும்பாலும் திரும்ப ஆலைக்குப் போய், கழுவப்பட்டு, மறுபடி நிரம்பி வருகின்றன. ஒயின் பாட்டிலுக்கு அந்தக் கொடுப்பினை குறைவு. நொறுக்கி உருக்கினால் உண்டு, இல்லையென்றால் கிடந்த இடத்தில் கிடக்கும். எது பலமுறை போய் வந்த பாட்டில் என்று பார்த்தே சொல்லலாம் என்றார். தோள்பட்டையிலும் அடியிலும் வெள்ளையாகத் தேய்ந்த வளையம் இருக்குமாம். பாட்டிலோடு பாட்டில் உரசி வந்த தடம். வீட்டுக்கு வரும்வரை பஸ்ஸில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த வளையத்தை என் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

காலிப் பாட்டிலுக்கு நான் எங்கே போவேன்? உன் மாமாவிடம்தான் போனேன். என் தம்பிக்கு இந்த விஷயத்தில் பஞ்சம் இருக்காது என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் நான் வாய்விட்டுக் கேட்டதும் அவன் வெலவெலத்துப் போனான்.

"யக்கா, ஒனக்கு என்னத்துக்குக் காலிப் பாட்டிலு?"

"எடை போடப் போறேன்."

"எடை போட்டு?"

"நீ கொண்டா, சொல்றேன்."

மறுநாள் காலையில் உர மூட்டைச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, திருடிக்கொண்டு வருபவன் மாதிரி வேலி ஓரமாகவே வந்தான். சாக்குக்குள் எல்லாவற்றையும் வைக்கோல் வைத்துச் சுற்றியிருந்தான். பீர் பாட்டில், குவார்ட்டர் பாட்டில், நசுங்கிய டின், போன மாதம் நிச்சயத்துக்குக் கம்பம் போனபோது அங்கே வாங்கிவைத்துக்கொண்ட ஒயின் பாட்டில் ஒன்று, யாரோ துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்த வெளிநாட்டு ஒயின் பாட்டில் ஒன்று. களத்து வேப்பமரத்தில் மிளகாய் நிறுக்கும் தராசு தொங்கிக்கொண்டுதானே இருக்கிறது. ஒரு தட்டில் கம்பத்துப் பாட்டிலையும் மறு தட்டில் வெளிநாட்டுப் பாட்டிலையும் வைத்தேன். வெளிநாட்டுத் தட்டு சடாரென்று இறங்கியது. அடிப்பக்கம் மட்டும் விரல் தடிமனுக்குக் கண்ணாடி. கம்பத்துத் தட்டில் கைப்பிடி கைப்பிடியாக மிளகாயை அள்ளிப் போட்டேன். தட்டு குவிந்து வழிந்த பிறகும் முள் நேராகவில்லை. லேபிளைப் பார்த்தால் இரண்டிலும் அடைத்திருந்த ஒயின் ஒரே அளவு. வெறும் கௌரவத்துக்காகவா இவ்வளவு கண்ணாடியை உருக்குகிறார்கள் என்று நான் சத்தமாகவே கேட்டுவிட்டேன். பீர் பாட்டிலின் தோளில் அந்த வெள்ளை வளையமும் இருந்தது. அதை விரலால் தடவிப் பார்த்தபோது, பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்ததுபோல இருந்தது. "எத்தனை தடவை போய் வந்துச்சோ" என்றேன். "என்னைய மாதிரி அலைஞ்சிருக்கு" என்றான் உன் மாமா. நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் பின்னால் உன் அய்யாவின் செருப்புச் சத்தம் கேட்டது.

வலது காலை ஒருக்களித்து வைப்பதால் அவர் நடை தனியாகத் தெரியும். அந்தக் காலின் கதை உனக்குத் தெரியும். ஆனால் உன் நண்பர்களுக்கும் நந்தினிக்கும் தெரியாது. கோடையில் கண்மாய்த் தண்ணீர் முழங்கால் அளவுக்கு வற்றியதும் நம் ஊரில் மீன்பிடி நாள் வைப்பார்கள். பெரியவர் ஒருவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அவ்வளவுதான், மொத்த ஊரும் வெறுங்காலோடு தண்ணீருக்குள் பாயும். அடியில்லாத கூடைபோல இருக்கும் ஊத்தாவைச் சேற்றில் அழுத்தி, மேலே கையை விட்டு விராலை அள்ளுவார்கள். உன் அக்கா கல்யாணம் முடிந்த மறு கோடையில் அப்படி முதல் ஆளாகப் பாய்ந்த உன் அய்யாவின் பாதத்தில் உடைந்த பாட்டிலின் கழுத்து ஏறியது. நரம்பு அறுந்து, தையல் போட்டு, மூன்று விரல்கள் இன்றுவரை மடங்குவதில்லை. அதற்குப் பிறகு அவர் கண்மாய்க்குள் இறங்கியதே இல்லை. மீன்பிடி நாளில் கரையில் நின்று பார்த்துவிட்டு வந்துவிடுவார். குடி என்ற சொல்லைக் கேட்டாலே முகம் இறுகிப்போவதும் அன்றிலிருந்துதான் அதிகமானது.

தராசில் பாட்டில்கள், கீழே பாட்டில்கள், நடுவே நான். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"என்ன இது, களத்துல கடை போட்டிருக்கீகளா ரெண்டு பேரும்?"

பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று நீ கேட்டிருந்தாய். பக்குவம் எல்லாம் பறந்துவிட்டது. விருந்து, ஒயின், கம்பம், உலை, கண்ணாடி என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். வெளிநாட்டுப் பாட்டிலைத் தூக்கி அவர் கையிலும் கொடுத்தேன். அவர் அதை வாங்கி மெதுவாகத் தரையில் வைத்தார்.

"லேசான பாட்டிலு, கனத்த பாட்டிலு. குத்தும்போது ரெண்டும் ஒண்ணுதான். குடிக்கிறவன் குடிக்கட்டும். நான் அங்கன வரல. தாலி கட்டுறதப் பார்த்துட்டு வீட்டுக்கு வந்துர்றேன்னு அவன்கிட்டச் சொல்லிரு."

அதற்கு மேல் அவரிடம் பேச முடியாது என்று எனக்குத் தெரியும். நான் தராசிலிருந்து பாட்டில்களை எடுக்க ஆரம்பித்தேன். கம்பத்துப் பாட்டில் பச்சை நிறம். அதை நான் கையில் எடுத்தபோது உன் மாமா அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் அத்தனை நேரம் இருந்த சிரிப்பு இல்லை.

"மச்சான், ஒங்க கால்ல ஏறுன கண்ணாடி பச்சையாத்தான இருந்துச்சு?"

"ஆமா. டாக்டர் எடுத்துக் காட்டுனாரே."

"நம்மூர்ல குடிக்கிற பாட்டிலு எல்லாம் காப்பிக் கலரும் வெள்ளையும். பச்சை வந்தது ஒரே தடவ. ஒங்க மக கல்யாணத்தன்னைக்கு, மாப்பிள்ளை வீட்டாளுகளுக்குன்னு நான் மதுரையிலேர்ந்து வாங்கியாந்தேன். அன்னைக்கு நீங்க பந்தல் பக்கமே தலை காட்டக்கூடாதுன்னு எங்கள வெரட்டுனீக. நாங்க எங்கன போறது? கண்மாய்க்குள்ள போனோம். தண்ணி இல்லாம காஞ்சு கெடந்துச்சு. உக்காந்து குடிச்சிட்டு, பாட்டிலோட ஊருக்குள்ள வந்தா நீங்க பார்த்துருவீகளேன்னு அங்கனயே போட்டு ஒடைச்சிட்டு வந்தோம்." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "இத்தனை வருசமாச் சொல்லணும்னு நெனச்சேன் மச்சான். தைரியம் வரல."

உன் அய்யா அந்தப் பச்சைப் பாட்டிலை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்துவிட்டுச் சாக்குக்குள் வைத்தார். நான் என்ன நடக்குமோ என்று பயந்துபோனேன். அவர் கோபப்பட்டுக் கத்துவதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். பிறகு அவர் மிளகாய் கிளறும் பலகையை எடுத்து, எனக்குப் பதிலாக ஒரு வரிசையைக் கிளறிக்கொண்டே போனார். களத்தின் அந்தக் கோடிவரை போய்த் திரும்பி வந்தார்.

"ஏலே, அன்னைக்கு நான் வெரட்டலைன்னா?"

"பந்தலுக்குப் பின்னால ஓரமா உக்காந்து குடிச்சிருப்போம். பாட்டில எல்லாம் பந்தக்காரன் சாக்குல போட்டுத் தூக்கிட்டுப் போயிருப்பான்."

"அப்ப என் கால நானே வெட்டிக்கிட்டேனாக்கும்" என்றார் உன் அய்யா. சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். உன் மாமா அழுதுகொண்டே சிரித்தான். "அழுகாதலே, மிளகாய் நெடின்னு நெனச்சிருவாக" என்று அவன் முதுகில் ஒரு தட்டு தட்டினார்.

அந்த நிமிஷத்தில்தான் மகனே, என் பாடம் எனக்கு முழுசாக விளங்கியது. நந்தினி சொன்ன தோட்டமும் சரி, ஆசிரியர் சொன்ன வளையமும் சரி, தராசு காட்டிய எடையும் சரி, எல்லாம் குடிப்பதற்கு முந்தைய பாதி. மீதிப் பாதி, குடித்த பிறகு அந்தப் பாட்டில் யார் கையில் இருக்கிறது என்பது. நம் பக்கம் குடி ஒளிந்துகொண்டு நடக்கிறது. ஒளிந்து குடிப்பவன் பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவர மாட்டான். கண்மாய், வாய்க்கால், கருவேலங்காடு என்று அவனை யாரும் பார்க்காத இடமாகப் பார்த்துப் போடுவான். அந்த இடங்களில்தான் நாம் வெறுங்காலோடு வேலை செய்கிறோம். மண்டபத்திலும் அதுதான் நடக்கும். உன் விருந்தில் அய்யாவுக்கும் பெரியப்பாவுக்கும் பயந்து நம் ஊர் இளவட்டங்கள் பாட்டிலோடு கடற்கரை இருட்டுக்குப் போவார்கள். விடிந்ததும் அதே மணலில் கரைவலை இழுக்க வருகிறவர்களுக்குச் செருப்பு கிடையாது. உன் ஒயினின் லேபிளில் எத்தனை இலை இருந்தாலும் அது அவர்களுடைய காலைக் காப்பாற்றாது.

அதனால் அன்று களத்திலேயே நாங்கள் மூவரும் பேசி முடித்ததையும், பிறகு போனில் நந்தினி சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன். குடி இருந்தால் எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி ஒரே மேசையில் இருக்கட்டும். பாட்டில் யார் கைக்கும் போகக் கூடாது, எவர்சில்வர் தம்ளரில் ஊற்றித் தர வேண்டும். பிளாஸ்டிக் தம்ளரும் தண்ணீர்ப் பாக்கெட்டும் தோப்புக்குள் வரவே கூடாது. ஒயின் கம்பத்திலிருந்து வரட்டும், நந்தினியின் அப்பா ஜீப்பில் வரும்போதே ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார், அதற்கென்று தனி வண்டி வேண்டாம். பீர் என்றால் தேய்ந்த வளையம் உள்ள பாட்டிலாகப் பார்த்து வாங்கு. பெட்டிக்குள் பையில் அடைத்த ஒயின் எடையில் குறைவு என்று நந்தினி சொன்னாள். அந்தப் பையை நம் ஊரில் யாரும் திருப்பி எடுக்க மாட்டார்களே என்று நான் சொன்னேன். இதில் எது சரி என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை, நீயும் யோசித்துப் பார். குவார்ட்டர் பாட்டில் மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு பெரிய பாட்டில் போதும் என்ற இடத்தில் சின்னச் சின்னதாகக் கண்ணாடி பெருகும், மூடி பெருகும். விருந்துக்கான அரசு அனுமதியை நந்தினி முறையாக வாங்கிவிடுவதாகச் சொன்னாள். குடித்தவர்கள் யாரும் வண்டி ஓட்டாமல் இருக்க ஒரு வேனுக்குச் சொல்லி வை. வாங்குவதையே குறைத்து வாங்கு. மிச்சம் இருக்கிறதே என்பதற்காகக் குடிக்கிற கடைசித் தம்ளர்தான் ஆளைத் தள்ளாட வைக்கும்.

இந்தக் கணக்கில் எல்லாவற்றையும் முந்துவது நம் பனைதான். தண்ணீர் பாய்ச்ச வேண்டாம், மருந்து வேண்டாம், பாட்டிலே வேண்டாம். கள்ளுக்குச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. பதநீருக்கு ஒரு தடையும் இல்லை. உன் கல்யாணம் வரும் வைகாசியில் சாயல்குடிப் பக்கம் பதநீர் ஓடும். அதிகாலையில் இறக்கியதைப் பதமாக வைத்துக் கொண்டுவந்து, பச்சை ஓலையை மடித்த பட்டையில் ஊற்றிக் கொடுப்பதற்கு உன் மாமா ஆள் பேசிவிட்டான். மேசையின் ஒரு பக்கம் ஒயின், மறு பக்கம் பதநீர். எந்தப் பக்கம் கூட்டம் அதிகம் என்று நான் நின்று பார்க்கப் போகிறேன். குடிக்க மாட்டேன், பயப்படாதே. ஆனால் அந்த ஒயினை ஒரு தடவை முகர்ந்து பார்க்காமல் விடமாட்டேன். திராட்சை எப்படி இப்படி ஆகிறது என்று பாடத்தில் படித்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு இருக்க என்னால் ஆகாது.

உன் அய்யா வருகிறார். வருவது மட்டுமில்லை, மேசைக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்காரப் போகிறார். உன் மாமா மண்டபம் துறைமுகத்தில் தெரிந்தவர்களிடம் மீன் பெட்டிகள் கேட்டு வைத்திருக்கிறான். காலியான பாட்டில் ஒவ்வொன்றும் அய்யா கைக்கு வந்து, அவர் கையால் அந்தப் பெட்டிக்குள் போக வேண்டுமாம். "குடிச்சா என் முன்னால குடிங்க, குடிச்சிட்டு என் கையில குடுங்க" என்பதுதான் அவர் போட்டிருக்கும் ஒரே நிபந்தனை. பெரியப்பாவிடமும் அவரே பேசிக்கொள்கிறாராம்.

இன்னும் ஒன்று. அன்றிலிருந்து தினமும் விடிந்ததும் உன் அய்யாவும் மாமாவும் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு கண்மாய்க்குப் போகிறார்கள். தண்ணீர் பின்வாங்கிய ஓரத்தில் கம்பியால் கிளறிக் கண்ணாடியைப் பொறுக்குகிறார்கள். எந்தெந்த இடத்தில் உட்கார்ந்து குடித்தோம் என்று உன் மாமா காட்ட, இவர் அந்த இடத்தைக் கிளறுகிறார். வழியெல்லாம் இவர் அவனைத் திட்டுவது நம் களம்வரை கேட்கிறது. நேற்று ஊரில் இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். சித்திரையில் மீன்பிடி நாள் வரும். நீ லீவு போட்டுவிட்டு நந்தினியோடு வந்து சேர். அவள் ஊத்தா பிடித்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லிவிட்டேன். நேற்று மச்சிலிருந்து இவர் தன் பழைய ஊத்தாவை இறக்கி, ஒட்டடை தட்டி, தளர்ந்த கட்டுகளை இறுக்கிக்கொண்டிருந்தார். ரப்பர் பூட்ஸ் வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன்.

"எதுக்கு? விரால் கால்ல ஒரசுனா தெரியணும்ல" என்றார்.

இப்படிக்கு,
உன் அம்மா